கடையிலேயே அதிகம் அழுகிற பேனா

தேவாலயத்தில் அந்தித் திரிகால செப மணி அடித்து ஓய்ந்து, தெருவிளக்கு எரியலாமா வேண்டாமா என்று கண்சிமிட்டிக் கண்சிமிட்டி ஒருவழியாக எரிந்து, சிப்பிக்கிடங்குத் தெரு முழுக்க மீன்குழம்பு கொதிக்கிற மணம் கிளம்பியிருந்த வேளையில், எதிர்சாரியில் பூட்டிக் கிடந்த இன்னாசி அண்ணாச்சியின் ஸ்டேஷனரிக் கடை ஷட்டருக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை அழுதது.

ஜெனோவா முதலில் தன் மடியைத்தான் பார்த்தாள். பிள்ளை அங்கேதான் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வேறெந்த வேலையும் இல்லாத ஆளைப்போல, நிதானமாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஆக, அழுகிறது தன் பிள்ளை இல்லை. அதில் வந்த நிம்மதி ஒரு மூச்சுக்குத்தான் நின்றது. பூட்டின கடைக்குள் யார் பிள்ளை எப்படிப் போனது என்று யோசித்ததும் வாய் தானாகக் காவல் தூதரைக் கூப்பிடும் சம்மனசு செபத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

பயப்பட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கான்வென்ட் விடுதியில் இருந்த காலத்திலேயே, கொடியில் காயும் சிஸ்டர்மாரின் வெள்ளை அங்கி காற்றில் கைநீட்டினால் பயம், தேவாலயத்து மரப்படி தானாக முனகினால் பயம், இரண்டும் இல்லாமல் அமைதியாக இருந்தால் அதைவிடப் பயம். இப்போது அந்தப் பயத்துக்கு ஒரு வீடும், ஒரு கைக்குழந்தையும், உள்ளிருந்து தாழிட முடியாத ஒரு கதவும் கிடைத்திருந்தன.

தாழ்ப்பாள் இல்லாமல் இல்லை. நல்ல இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. ஆனால் அந்தத் தெருவில், தோணிக்குப் போகிறவன் வீட்டுக் கதவை உள்ளிருந்து தாழிடுகிற வழக்கம் கிடையாது. வீட்டுக்கு விழுகிற தாழ் துறைமுகத்துக்கும் விழும், திரும்பி வருகிற தோணிக்கு வாய் திறக்காது என்பார்கள். அவன் கரைக்கு வந்து வீட்டோடு கிடக்கும் நாட்களில்கூடக் கதவு வெறுமனே சாத்தித்தான் இருக்கும். அவன் பெயர் தோணியின் ஆள் பட்டியலில் இருக்கிறதே. என்றைக்கு ஒருவன் கடலை விடுகிறானோ அன்றைக்கு அவனே வந்து, அவன் கையாலேயே தாழ்ப்பாளைப் போடுவான். போட்டவன் மறுபடி தோணி ஏறுவதில்லை. வேறு யாரும், கட்டின பெண்டாட்டியானாலும், அதில் கை வைக்கக்கூடாது.

ஜெனோவாவின் புருஷன் கஸ்பார், தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் பாய்மரச் சரக்குத் தோணியில் வேலை பார்த்தான். ஆகவே பொழுது சாய்ந்ததும் அவள் கதவைச் சாத்தி, அரிசி டிரம்மை இழுத்து முட்டுக்கொடுத்து, டிரம்மின் மேல் எவர்சில்வர் சட்டி, சட்டியின் மேல் சொம்பு, சொம்பின் மேல் டம்ளர் என்று ஒரு கோபுரம் கட்டுவாள். திருடன் கதவைத் தள்ளினால் கோபுரம் விழுந்து தெருவையே எழுப்பும் என்பது திட்டம். இதுவரை திருடன் வரவில்லை. பூனை வந்தது, காற்று வந்தது, எதிர்வீட்டு மிக்கேலம்மாள் அக்கா உப்புக் கேட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் கோபுரம் விழுந்தது, பிள்ளை எழுந்தது, தெருவில் யாரும் எழவில்லை.

கஸ்பாரைக் கரையில் நிறுத்திவிட்டால் அந்தத் தாழ்ப்பாள் விழும். தாழ்ப்பாள் விழுந்தால் அவள் தூங்குவாள். அவள் உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத் தன்னைப் படிக்க வைத்த சிஸ்டர் பெனிக்னாவிடம் போய் அழுது, அவர் வழியாகத் தோணிகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுகிற டாலி கிளார்க் வேலைக்குச் சொல்லியும் வைத்திருந்தாள். கஸ்பார் பன்னிரண்டாவது வரை படித்தவன், கையெழுத்து அச்சுப் போல இருக்கும். விஷயத்தைச் சொன்னபோது அவன் "பாப்போம்" என்றான். கஸ்பார் பார்ப்போம் என்று சொன்ன எதையும் அதுவரை பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான் பூட்டின கடைக்குள் குழந்தை அழுதது.

தெரு கூடிவிட்டது. இன்னாசி அண்ணாச்சி சாப்பிட்ட கையோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கல்யாணமே வேண்டாம் என்று காலத்தை ஓட்டிய மனுஷன். ஆகையால் அவர் கடைக்குள் பிள்ளை அழுகிறது என்றதும் கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், மிக்கேலம்மாள் அக்கா பார்த்ததோடு நிற்காமல் சிரித்தும்விட்டாள். ஷட்டர் ஏறியது. உள்ளே பிள்ளை இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், பரீட்சை சீசனுக்காக அன்றைக்கு வந்திறங்கியிருந்த இங்க் பேனாக்கள்தான் வரிசையாகப் படுத்துக்கிடந்து, மூடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒன்று விட்ட இடத்தில் ஒன்று தொடங்கி அழுதுகொண்டிருந்தன.

பசி என்று முதலில் சொன்னது மிக்கேலம்மாள் அக்காதான். வரிசையாகப் பிள்ளை பெற்றவள், அவள் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அண்ணாச்சி ஒரு பேனாவின் மூடியைத் திறந்து நிப்பின் நுனியை மைப் புட்டியில் தொட்டு எடுத்தார். அது சப்புக்கொட்டியது, விக்கியது, அடங்கியது. அப்புறம் கூட்டமே கடைக்குள் ஏறி, ஆளுக்கொன்றாக எடுத்து நுனி நனைத்து, தோளில் போட்டுத் தட்டி, பெட்டியில் திரும்பப் படுக்க வைத்துவிட்டு, குழம்பு அடிப்பிடித்துவிடுமே என்ற கவலையோடு வீட்டுக்குப் போய்ச்சேர்ந்தது.

பேனா ஏன் அழுகிறது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. எப்படி அமர்த்துவது என்பதுதான் பேச்சாக இருந்தது. நுனியை நனைத்தால் ஒரு ராத்திரி தாங்கும், வயிறு நிறைய உறிஞ்சவிட்டால் உறிஞ்சவிட்ட கைக்குச் சொந்தமாகிவிடும், அப்புறம் அந்தக் கை தவிர யார் மை கொடுத்தாலும் குடிக்காது என்பதெல்லாம் போகப்போகத் தெரிந்தது. ஓம வாட்டர் கொடுத்துப் பார்த்தவர்கள் நிப்பு துருப்பிடித்து வருந்தினார்கள். மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டவர்கள் இருமினார்கள், பேனாவும் இருமியது. பால்பாயிண்ட் பேனாக்கள் எப்போதும்போல வாய் பேசாமல் கிடந்ததால், தெருவில் யாராவது உணர்ச்சியில்லாமல் உட்கார்ந்திருந்தால் அவனைப் பால்பாயிண்ட் என்று கூப்பிடும் பழக்கம் வந்தது.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, வழக்கம்போலப் பிள்ளைகள் தங்கள் பேனாக்களை மந்திரிக்கப் பீடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கவும் பீடம் முழுக்க அழுகை கிளம்பவும் சரியாக இருந்தது. பிரசங்கத்தைத் தொடங்கினால் எளிதில் விடாத சாமியார் அன்றைக்கு ஆமென் சொல்லி இறங்கிவிட்டார். இவ்வளவு நல்ல பேனா எங்கே கிடைக்கும் என்று பெரியவர்கள் கோயிலிலேயே விசாரித்தார்கள். பேனாக்களுக்கு ஞானஸ்நானம் உண்டா என்று ஒருத்தி கேட்டதற்கு, அதெல்லாம் வேண்டாம், தண்ணீர் பட்டால் மை கலங்கும் என்று மட்டும் சாமியார் சொன்னார். கான்வென்டில் சிஸ்டர் பெனிக்னா, காலை செபத்துக்கு முன்பு எல்லாரும் பேனாவுக்கு மை கொடுத்துவிட வேண்டும், கொடுக்காதவர்கள் பேனாவோடு வெளியே நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்.

இதில் எல்லாம் ஜெனோவாவின் கண்ணில் பட்டது வேறு. கோர்ட்டு குமாஸ்தா தேவசகாயம், தன் வீட்டில் பிள்ளை அழுதால் "ஏட்டி, பிள்ளையப் பாரு" என்று திரும்பிப் படுக்கிறவர், சாயங்காலமானால் சட்டைப்பையைத் தட்டித் தட்டி, என்னமோ முனகிக்கொண்டே தெருவில் மேலும் கீழும் நடந்தார். வாத்தியார் ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் பாதியில் எழுந்தார், வீட்டில் பேனா தனியாக இருக்கிறதாம். பாங்கு மேனேஜர் மாற்றல் வந்தும் போகவில்லை, பேனாவுக்கு இந்த ஊர் மைதான் ஒத்துக்கொள்கிறதாம். பெற்ற பிள்ளையைச் சூடான சட்டியைத் தூக்குவதுபோலத் தூக்குகிற ஆண்கள் எல்லாம் பேனாவுக்கு மடங்கிக் கிடந்தார்கள். கதவிடுக்கில் இதைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைக்கு முதுகில் தட்டிக்கொண்டே, அவள் யோசித்தாள். கஸ்பார் வருகிற நாள் பக்கத்தில் இருந்தது. வேலையில் சேர்வதற்கு ஒரு பேனா பரிசாகக் கொடுத்தால் யார் தப்புச் சொல்வார்கள்? அவன் கையாலேயே முதல் மை உறிஞ்சவிட்டால், அப்புறம் அதை விட்டுவிட்டு அவன் எங்கே போய்விடுவான்?

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் அதன் உள்ளங்கையில் திணித்துவிட்டுப் போன காசை முந்தானையில் முடிந்துகொண்டு, வெயில் தாழ்ந்ததும் அவள் தெருவைக் கடந்தாள்.

இன்னாசி அண்ணாச்சி இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், தோளில் மைக்கறை படிந்த துண்டு, சட்டையெல்லாம் நீலப் புள்ளி. பச்சைப்பிள்ளைக்காரியின் களைப்பைத் தன்னிடம் அல்லாமல் வேறொருவர் முகத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று ஜெனோவாவுக்குத் தோன்றியது. உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளிவிட்டு, யாருக்கு, என்ன விலைக்குள் என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு, முடிந்த விலைக்குள் என்றாள்.

முதலில் வெள்ளிக்கம்பி போல மெலிந்த ஸ்டீல் பேனாவைக் காட்டினார். அது அழாது, எப்போதாவது பெருமூச்சு மட்டும் விடும். ஆபீசர்கள் எல்லாரும் அதையே கேட்பதால் விலை ஏறியிருந்தது, அதைக் கேட்டு ஜெனோவாவும் ஒரு பெருமூச்சு விட்டாள். மெரூன் நிறத்தது விக்கி விக்கி, கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி அழுவதுபோல நாகரிகமாக அழுதது. வயிற்றில் மை தெரிகிற கண்ணாடிப் பேனா, யாராவது பார்த்தால் அழும், திரும்பிக்கொண்டால் நிறுத்திவிடும். அது மாதிரி ஒரு நாத்தனார் அவளுக்கு உண்டு. ஒவ்வொன்றையும் அண்ணாச்சி நுனி நனைத்துக் கொடுக்க, அவள் கான்வென்டில் பழகியபடி தாளின் தலையில் ஒரு சின்னச் சிலுவை போட்டு, கீழே கஸ்பார் என்று எழுதிப் பார்த்தாள். அழுகை குறையக் குறைய விலை ஏறிக்கொண்டே போனது. அவள் எல்லாவற்றையும் திருப்பி வைத்தாள்.

"அண்ணாச்சி, கடையிலேயே ரொம்ப அழுறது எது?"

"அத ஒன் கண்ணுலயே காட்ட மாட்டேன், நீ பயப்படாத தாயீ."

"இல்ல அண்ணாச்சி. அதுதான் வேணும்."

அவர் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, வாங்கிப் போனவர்கள் எல்லாம், வயிறு நிறைய மை கொடுக்கும் முன்பே, மறுநாள் விடியுமுன் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த ஒன்று இருப்பதாகச் சொன்னார். கல்லாவுக்கு அடியில் கையை விட்டு, ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். டின்னுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பழைய பனியன் துணி, துணிக்குள் பாட்டில் பச்சை நிறத்தில், கருப்பு மூடி போட்ட, கழுத்துக் கொஞ்சம் தடித்த ஒரு பேனா. மூடியைத் திறக்கும் முன் தன் இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டார்.

துறைமுகத்துச் சங்குதான் கடைக்குள் ஊதிவிட்டதென்று ஜெனோவா நினைத்தாள். கண்ணாடிப் பெட்டி அதிர்ந்தது. கொக்கியில் தொங்கிய வாட்டர் பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. தெருமுனையில் ஒரு பஸ், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி, பதிலுக்கு ஹாரன் அடித்தது. காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த அவள் பிள்ளை சட்டென்று நிறுத்தி, வாயைத் திறந்தபடி, தன்னைவிடப் பெரிய வித்வானைப் பார்க்கிற மரியாதையோடு அந்தப் பேனாவைப் பார்த்தது.

நுனி நனைத்து எழுதிப் பார்த்தாள். எழுத்து மட்டும், ஈர மணலில் சின்ன நண்டு ஓடுவதுபோல, தாளில் பட்டும் படாமல் ஓடியது. கஸ்பாரின் கையெழுத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று இந்த ஊரில் இல்லை. ஆக, எழுத்துக்காகவே வாங்குகிறோம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவும் வழி கிடைத்தது.

"பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டே ஒனக்குத் தூக்கம் இல்ல," என்றார் அண்ணாச்சி. "ரெண்டாவது ஒண்ணு எதுக்கு?"

அவள் கதவைப் பற்றி, டிரம்மைப் பற்றி, கோபுரத்தைப் பற்றி எல்லாம் சொன்னாள். அண்ணாச்சி காதில் பஞ்சோடு கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் முழுக்கக் கேட்டது என்று முகத்தில் தெரிந்தது. காசு வேண்டாம், கொண்டுபோனால் போதும், நான் இன்றைக்காவது தூங்குவேன் என்றார். சும்மா கிடைத்ததைப் பரிசு என்று எப்படிக் கொடுப்பது என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கல்லாவில் வைத்துவிட்டு, ஒரு இடுப்பில் பிள்ளையும் மறு கையில் பிஸ்கட் டின்னுமாக அவள் தெருவைக் கடந்து வந்தாள்.

கஸ்பார் வருகிறவரை அந்த வீட்டில் நடந்ததை மிக்கேலம்மாள் அக்கா பின்னால் நெடுநாள் சொல்லிச் சிரித்தாள். வயிறு நிறைய மை கொடுத்தால் பேனா ஜெனோவாவுக்குச் சொந்தமாகிவிடும், ஆகவே நுனியை மட்டும் நனைத்துத் தாலாட்ட வேண்டும், மற்றப் பேனாக்களைப்போல இதற்கு அது ஒரு ராத்திரி தாங்கவில்லை. பேனா அமர்ந்தால் பிள்ளை எழும், பிள்ளை அமர்ந்தால் பேனா எழும். இரண்டுக்கும் ஒரே தொட்டிலைக் கட்டி, ஒரே பாட்டைப் பாடி, ஒரே கையால் ஆட்டினாள். பக்கத்துச் சுவர்க்காரர்கள் சுவரில் தட்டினார்கள். ஆனால் ஒன்று, பயப்படுவதற்கு அவளுக்கு நேரமே இல்லை. ஒருநாள் கோபுரம் கட்ட மறந்தேபோனாள்.

கஸ்பார் வந்தான். உப்புக்காற்றில் கறுத்து, பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பையும் அவளுக்கு டின் மீனும் வாங்கிக்கொண்டு வந்தான். அவள் பேனாவைக் கொடுத்தாள். கிளார்க் வேலைக்கு நல்ல பேனாவோடு போனால்தானே மரியாதை என்று சொல்லியே கொடுத்தாள். அவன் அதற்கும் "பாப்போம்" என்றான், ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அதன் அலறலைக் கேட்டுப் பயப்படாமல் விழுந்து விழுந்து சிரித்து, மைப் புட்டியைத் திறந்து, கழுத்தைத் திருகித் திருகி வயிறு நிறைய உறிஞ்சவிட்டான். அது குடித்து, ஏப்பம் விட்டு, அவன் உள்ளங்கையிலேயே தூங்கிப்போனது. அன்றிலிருந்து அவன் அதற்கு அடிமை. சாயங்காலம் தேவசகாயம் குமாஸ்தாவோடு சேர்ந்து தெருவில் நடந்து, நிப்பில் கசடு சேராமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று யோசனை கேட்டான். பேனாவைத் தட்டிப் பழகின கை, தொட்டிலுக்கும் ஒரு தட்டுக் கொடுத்தது. ஜெனோவா அடுப்படியில் நின்று இதைப் பார்த்து, தாழ்ப்பாளையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

தோணியில் வெங்காயம் ஏறி முடிந்தது. யாகப்பர் தண்டல், அந்தத் தோணியை ஓட்டுகிறவர், ஆள் அனுப்பினார். கஸ்பார் பையைத் தூக்கித் தோளில் போட்டான், பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டான், மைப் புட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் திணித்தான், பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகினான், செருகின இடத்தை ஒரு தட்டுத் தட்டினான்.

"நீ தந்தது, நெஞ்சோட இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

ஜெனோவா வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. பிள்ளையைத்தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. பேனாவை முடியும். பேனாவைப் படைத்ததே அதற்காகத்தான். மிக்கேலம்மாள் அக்கா தன் வாசலிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, அவள் குணத்துக்கு அதிசயமாக, சிரிக்காமல் உள்ளே போய் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் ஜெனோவா டிரம்மை இழுத்தாள், சட்டியை வைத்தாள், சொம்பை வைத்தாள், டம்ளரை வைத்தாள். வீடு அதற்கு முன்பு எப்போதும் இவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததில்லை.

கடலில் நடந்ததை அப்புறம் தோணிக்காரர்கள் சொல்லித்தான் தெரு கேட்டது. ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள், ஆனால் அழுகை பற்றி மட்டும் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். கரை மறைந்து, காற்று நன்றாகப் பிடித்து, சோறு பொங்கிச் சாப்பிடுகிறவரை பேனா சாதுவாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு அலை தோணியைத் தூக்கிப் போட்டதில் கஸ்பாரின் பை உருண்டு மைப் புட்டி உடைந்தது. வெங்காய மூட்டைகள் வயிறு நிறைய மை குடித்தன. அடுத்த பசி வேளைக்கு மை இல்லை. கரையில் கேட்ட அழுகை வேறு, சுவரில்லாத கடலில் அது கிளம்பியபோது வேறு. பாய் படபடத்தது. வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஓங்கில் கூட்டம், டால்பின்கள்தான், இடப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தது.

கஞ்சித்தண்ணீர் கொடுத்தார்கள், துப்பியது. சமையல்காரர் அடுப்புக்கரியைக் குழைத்துக் கொடுத்தார், துப்பியது. கடலில் மைக்கா பஞ்சம் என்று ஒருவர் தூண்டில் போட்டு, ஒரு கொழுத்த கணவாயைப் பிடிக்க, அதன் மையைப் பிழிந்து கஸ்பாரின் கையாலேயே நிப்பில் வைத்தார்கள். ஒரு கணம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பேனா ருசி பார்த்து, யோசித்து, தண்டலின் வெள்ளைச் சட்டையில் தூவென்று துப்பிவிட்டு, இன்னும் உரக்கத் தொடங்கியது.

அப்புறம் யாரும் ஒன்றும் செய்யவில்லை. கயிறு பிடித்தவன் கயிற்றோடு உட்கார்ந்துவிட்டான். இது என் மூத்தவள் குரல், அவள் பிறந்தபோது நான் மாலத்தீவில் கிடந்தேன் என்றான் ஒருவன். இல்லை, இது என் பயல், காய்ச்சலில் இப்படித்தான் அழுவானாம், அவன் அம்மா சொல்லியிருக்கிறாள் என்றான் இன்னொருவன். கல்யாணம் ஆகாத பையன்கூட யார் பிள்ளைக்காகவோ கண்ணைத் துடைத்தான். யாகப்பர் தண்டல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே நின்றார். அவருடைய கடைசிப் பையன், அவர் கடலிலிருந்து வரும்போதெல்லாம் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "மாமா வந்துருக்காரு" என்று சொன்னவன்; இப்போது மீசை வைத்துவிட்டான். தண்டல், இந்தச் சத்தத்தில் காற்றுக்கே வழி தெரியவில்லை, நான் என்ன செய்ய என்று கடலிடம் முறையிடுவதுபோலச் சொல்லிவிட்டுச் சுக்கானைத் திருப்பினார்.

சிப்பிக்கிடங்குத் தெருவில் அந்தித் திரிகால மணி ஓய்ந்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் கடல்பறவை என்றார்கள். கொஞ்சம் பக்கத்தில் வந்ததும், கோயில் முற்றத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதி மணியில் நிறுத்தி, அது ஜெனோவா வீட்டுப் பேனால்லா என்றார்கள். பழைய துறைமுகத்துப் பக்கம் தெருவே நடந்தது. எல்லாருக்கும் முன்னால் இன்னாசி அண்ணாச்சி, ஒரு கையில் மைப் புட்டியும் மறு கையில் வேட்டி நுனியுமாக ஓடினார்.

ஜெனோவா மட்டும் போகவில்லை. பிள்ளை தொட்டிலில் தூங்கியது. அவள் உள்ளே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் பெரிதாகி, துறைமுகத்தில் நின்று, திடீரென்று விக்கி, அடங்கியது. யாரோ மை கொடுத்துவிட்டார்கள் என்று புரிந்தது. அது கஸ்பார் கையில்தானே குடிக்கும் என்பதும் புரிந்தது. எழுந்து போய்க் கோபுரத்தை எடுத்துவைக்க வேண்டுமென்று நினைத்தாள்.

அதற்குள் கதவு தள்ளப்பட்டது. டம்ளர் விழுந்தது, சொம்பு விழுந்தது, சட்டி விழுந்து உருண்டு அடுப்படி வரை போய்ச் சுற்றிச் சுற்றி நின்றது. பிள்ளை எழுந்து அழுதது. இருட்டில் கஸ்பார் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து, டிரம்மையும், தரையில் கிடந்த பாத்திரங்களையும், அவளையும் பார்த்தான். அந்தக் கோபுரத்தை அவன் பார்த்ததே இல்லை. அவன் வீட்டில் இருக்கும் நாட்களில் அவள் அதைக் கட்டியதே இல்லையே.

"தண்டல் என் பேர எடுத்துட்டாரு," என்றான். "பேனா வளந்து பெரியாளானா வாலேன்னு சொல்லிட்டாரு."

கோபமா என்று அவன் குரலில் தெரியவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். போட்டதும் தைரியம் வந்தது.

"கடையிலேயே ரொம்ப அழுறது எதுன்னு கேட்டுத்தான் வாங்கினேன்."

"தெரியும். அண்ணாச்சி அன்னைக்கே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா கொண்டுபோனீய?"

அவன் டிரம்மை ஓரமாகத் தள்ளினான். குனிந்து டம்ளரை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கடலுக்குள்ள போயிட்டா அழுகை கேக்காதுன்னு நெனச்சேன், பிள்ள."

வெளியே தெரு திரும்பி வந்துகொண்டிருந்தது. யாகப்பர் தண்டல் அண்ணாச்சியிடம், அழாத பேனா வேண்டாம், கொஞ்சமாவது அழுகிறதாக ஒன்று இருந்தால் எடுத்துவை என்று சொல்லிக்கொண்டு போனது கேட்டது. கஸ்பார் சட்டைப்பையிலிருந்து தூங்குகிற பேனாவை எடுத்துத் தொட்டிலில் படுக்க வைத்தான். அவளிடமிருந்து பிள்ளையை வாங்கினான். சூடான சட்டி மாதிரி இல்லாமல், பேனாவை வாங்குவதுபோல, கழுத்துக்குக் கை கொடுத்து வாங்கினான். பிள்ளை அவன் சட்டையை மோந்து பார்த்தது, வெங்காயமும் மையும் கடலுமாக நாறிய அந்தச் சட்டையில் முகத்தை வைத்துத் தேய்த்து, அடங்கியது.

ஒரு கையில் பிள்ளையோடு அவன் கதவைச் சாத்தினான். மறு கையைத் தாழ்ப்பாளில் வைத்தான். அது அசையவில்லை. வீடு கட்டின நாள் முதலாக யாரும் தொடாத இரும்பு, உப்புக்காற்றில் துருவேறிக் கதவோடு கதவாக இறுகிக் கிடந்தது. ஜெனோவா பிள்ளைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து நீட்டினாள். அவள் தாழ்ப்பாளைத் தொடவில்லை. அவன் விரலில் எண்ணெய் எடுத்து, பிள்ளையின் கை கால் மடிப்பில் தடவுவதுபோலத் தாழ்ப்பாளின் இடுக்கெல்லாம் பொறுமையாகத் தடவி, முன்னும் பின்னும் அசைத்து, மறுபடி தடவி, மறுபடி அசைத்தான். கடைசியில் இரும்பு ஒரு தரம் முனகிற்று, வழிவிட்டது, கஸ்பார் தன் கையாலேயே கதவை உள்ளிருந்து தாழிட்டான்.